மனநோய் என்று எழுதிப் பட்டாளத்திலிருந்து அனுப்பிவிட்டார்களா? மனு எழுதும் முன் இதைப் படியுங்கள்

மனநோய் என்று ராணுவ டாக்டர்கள் குழுவான மெடிக்கல் போர்டு எழுதி, பென்ஷன் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களின் குடும்பங்கள் கொண்டுவரும் காகிதக் கட்டுகளைப் பார்த்திருக்கிறேன். ஜனாதிபதிக்கு எழுதிய மனு இருக்கும், முதலமைச்சருக்கு எழுதிய மனு இருக்கும். மெடிக்கல் போர்டின் அறிக்கை மட்டும் இருக்காது. அது இல்லாமல் எங்கே போனாலும் வேலை நகராது.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ராணுவப் பணியால் வந்த நோய், அல்லது பணியால் மோசமான நோய், பாதிப்பு 20 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் டிசபிலிட்டி பென்ஷன் உண்டு. 2008க்கு முன் வெளியே வந்தவர்களுக்கு 1982ஆம் ஆண்டு விதிகள் பொருந்தும். பட்டாளத்தில் சேரும்போது ஆவணத்தில் குறிப்பு எதுவும் இல்லையென்றால், அவர் நல்ல மனநலத்தோடுதான் சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு வீரருடையது இல்லை. பின்னால் வந்த விதிகளில் வாசகம் கடுமையாகிவிட்டது. 2023 செப்டம்பர் 21க்குப் பிறகு வெளியே வந்தவர்களுக்கு விதித் தொகுப்பே வேறு. எனவே வெளியே வந்த தேதியை முதலில் பாருங்கள்.

போர்டு அறிக்கையின் படிவம் ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப் 16. அதில் நோயின் பெயர் ஒரு இடத்தில் இருக்கும். எல்லோரும் அதைப் பார்த்துத்தான் கொதிக்கிறார்கள். பென்ஷனைத் தடுப்பது வேறொரு வரி: ‘பணியால் ஏற்பட்டதும் இல்லை, பணியால் மோசமானதும் இல்லை.’ பக்கத்தில் ‘பிறவி இயல்பு சார்ந்தது’ என்றோ, ‘அமைதிப் பகுதியில் தொடங்கியது’ என்றோ ஒரு துண்டு வாசகம். காரணம் அவ்வளவுதான். பல வருடம் துப்பாக்கி தூக்கிய ஒருவரின் வாழ்க்கையை இப்படி ஒற்றை வரியில் முடித்துவிடுகிறார்கள்.

அந்த வரியைத்தான் எதிர்க்க வேண்டும். பணியிடம் எல்லையா அமைதிப் பகுதியா என்பது முக்கியமில்லை என்று ராணுவ மருத்துவ சேவை விதிகளின் 423ஆம் பிரிவே சொல்கிறது. 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை எடுத்துக் காட்டியது. அதே ஆண்டு வீர் பால் சிங் வழக்கு நேரடியாக மனநோய் பற்றியது. 1970களில் ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய் என்று எழுதி அனுப்பப்பட்டவர் அவர். ஒரு மனநல மருத்துவரின் குறிப்பைப் போர்டு அப்படியே வழிமொழிந்திருக்கிறது என்று கண்டு, மறுபரிசீலனை போர்டுக்கு அனுப்பச் சொன்னது நீதிமன்றம். 2025 மே மாதம் ராஜுமோன் வழக்கிலும், காரணம் எழுதாத போர்டு கருத்தை வைத்துப் பென்ஷனை மறுக்க முடியாது என்று தீர்ப்பு வந்தது. இந்த மூன்று பெயர்களையும் உங்கள் மனுவில் எழுதுங்கள்.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. ‘எனக்கு நோயே இல்லை, பொய்யாக எழுதிவிட்டார்கள்’ என்று ஒரு மனு. ‘நோய்க்குப் பென்ஷன் கொடுங்கள்’ என்று இன்னொரு மனு. இரண்டையும் ஒருவரே போட்டால் ஒன்றை வைத்து மற்றதைத் தள்ளிவிடுவார்கள். ‘இப்போது முழு நலம்’ என்று தனியார் டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கி இணைப்பவர்களும் இருக்கிறார்கள். அது மானத்துக்கு ஆறுதல்தான், பென்ஷன் வழக்குக்கோ கேடு. நோயின் பெயர் தவறு என்பதா, நோய் பணியால் வந்தது என்பதா, எது உங்கள் வழக்கு என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்துவிட்டு எழுதுங்கள். மறுபரிசீலனை போர்டில் சதவீதம் குறையவும் வாய்ப்புண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொரு பொறி சதவீதம். போர்டு 15 முதல் 19 வரை போட்டு வைத்தால் பலர் திரும்பிவிடுகிறார்கள். திரும்ப வேண்டாம். வெளியேற்றும் அளவுக்கு நோய் என்றால் பாதிப்பு 20 சதவீதத்துக்கு மேல் என்றே கொள்ள வேண்டும் என்று 2014இல் சுக்விந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

டிஸ்சார்ஜ் புத்தகத்தில் வெளியேறிய காரணத்தையும் பாருங்கள். ‘மருத்துவ ரீதியாகத் தகுதியற்றவர்’ என்று இருந்தால் நல்லது. ‘சொந்த வேண்டுகோளின் பேரில்’ என்று இருந்தால், ஆஸ்பத்திரி வார்டில் இருந்தபோது ஏதாவது காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்களா என்று அவரிடம் பொறுமையாகக் கேளுங்கள். உடல்தகுதி குறைந்தவர் என்று கீழ் மருத்துவப் பிரிவில் வைத்து, போர்டே கூட்டாமல் அனுப்பியிருந்தால் அது செல்லாது என்று 2008இல் ராஜ்பால் சிங் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது.

சரி, காகிதத்தை எப்படி வாங்குவது? ரெஜிமென்ட்டின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் ஆஸ்பத்திரியைக் கேள் என்கும், ஆஸ்பத்திரி ரெக்கார்ட்ஸுக்கு அனுப்பிவிட்டோம் என்கும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கடிதம் அனுப்புகிறோம் என்பார்கள். இந்தச் சுற்றில் வருடங்கள் ஓடும். நேராக ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி விண்ணப்பியுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் அது நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. 30 நாளில் பதில் தர வேண்டும். போர்டு அறிக்கை, சேரும்போது நடந்த மருத்துவப் பரிசோதனை, மனநோய் பற்றி கமாண்டிங் ஆபீசர் எழுதிய அறிக்கையான ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப் 10, ஆஸ்பத்திரிக் குறிப்புகள் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ‘எல்லா ஆவணமும்’ என்று கேட்டால் தட்டிக்கழிப்பது சுலபம். விண்ணப்பத்தில் அவரே கையெழுத்துப் போடட்டும். மனைவி பெயரில் போனால் மூன்றாம் நபரின் தனிப்பட்ட தகவல் என்று மறுத்துவிடுவார்கள்.

தள்ளிப்போடாதீர்கள். பென்ஷன் இல்லாமல் போனவர்களின் ஆவணங்களை 25 வருடம் கழித்து அழித்துவிட விதி இருக்கிறது. அழித்துவிட்டோம் என்று பதில் வந்தால் அதை எழுத்தில் வாங்குங்கள், நீண்ட பதிவேடான லாங் ரோலின் நகலையும் கேளுங்கள்.

மறுப்புக் கடிதம் வந்தால் 6 மாதத்துக்குள் முதல் அப்பீல், பிறகு இரண்டாம் அப்பீல். அதன்பின் ராணுவத் தீர்ப்பாயம், நம்மவர்களுக்குச் சென்னைக் கிளை. அப்பீல் போடாமல் நேரே போனால் திருப்பி அனுப்பக்கூடும். கெடு தாண்டிவிட்டது என்று ஆபீசில் சொன்னால் சோர வேண்டாம். பென்ஷன் மாதா மாதம் தொடரும் இழப்பு என்பதால் தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம். பழைய பாக்கி மட்டும் பொதுவாக வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய 3 வருடத்துக்குத்தான் கிடைக்கும். ஒவ்வொரு மாதத் தாமதமும் உங்கள் பணம்.

வருகிற பணத்தில் பங்கு கேட்கும் இடைத்தரகர்களிடம் அசல் காகிதத்தைக் கொடுக்காதீர்கள். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் மனநோய் உள்ளவர்களுக்கும் இலவச வக்கீல் உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள்.