கண் அரிப்புக்கு எந்தச் சொட்டு?

மருந்துக்கடையில் "கண் சிவப்புக்கு" என்று கேட்டு வாங்கிய பாட்டிலோடுதான் பலர் எங்களிடம் வருகிறார்கள். நான் முதலில் கேட்பது சிவப்பைப் பற்றி அல்ல, "அரிக்குதா?" என்றுதான். அரிப்பே இல்லையென்றால் அலர்ஜி என்ற முடிவுக்கு அவசரப்படமாட்டேன்.

கண்ணின் வெள்ளையையும் இமையின் உட்புறத்தையும் மூடியிருக்கும் மெல்லிய சவ்வில், அலர்ஜியைக் கிளப்பும் மாஸ்ட் செல்கள் என்ற பாதுகாப்பு அணுக்கள் ஏராளம். தூசியோ மகரந்தமோ பட்டதும் அவை ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகின்றன. செல்களின் மேல் அது போய் ஒட்டிக்கொள்ளும் இடங்களான ஏற்பிகள், ஹெச்1 முதல் ஹெச்4 வரை நான்கு வகை. நரம்பு முனைகளில் இருக்கும் ஹெச்1 தூண்டப்பட்டால் அரிப்பு. அதுவே ரத்தக்குழாயில் தூண்டப்பட்டால் நீர் கசிந்து வீக்கம். குழாய்கள் விரிந்து கண் சிவப்பதில் ஹெச்2-வுக்கும் பங்குண்டு. ஹெச்4, ஈசினோஃபில் போன்ற வெள்ளணுக்களை வரவழைத்து அழற்சியை நீட்டிக்கிறது. ஹெச்3-க்கு இந்த நோயில் பெரிய வேலை இல்லை.

இப்போது அந்தப் பாட்டிலுக்கு வருவோம். அதில் நாஃபசோலின் மட்டும் இருந்தால், குழாய்களைச் சுருக்கிக் கண்ணை வெள்ளையாக்கும், அவ்வளவுதான். ஹெச்1-ஐ அது தொடுவதே இல்லை. தொடர்ந்து விட்டால், மருந்தின் வேகம் குறைந்ததும் சிவப்பு முன்னைவிட அதிகமாகத் திரும்பலாம். ஓலோபடடின், கீட்டோடிஃபென் போன்றவை ஹெச்1-ஐயும் அடைக்கும், மாஸ்ட் செல்லையும் அடக்கும். சில நிமிடங்களிலேயே அரிப்பு தணியும். தூக்கம் வரவைக்கும் பழைய அலர்ஜி மாத்திரைகளைக் கண்ணுக்காக மட்டும் போடுவது எனக்குப் பிடிக்காது. அவை கண்ணீரையும் குறைத்துவிடும். தூசியைக் கழுவ வேண்டியதே அந்தக் கண்ணீர்தானே?

கசக்கினால் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த அழுத்தத்திலேயே மாஸ்ட் செல்கள் இன்னும் ஹிஸ்டமினைக் கொட்டும். வருடக்கணக்கில் கசக்கும் பிள்ளைகளுக்குக் கருவிழி மெலிந்து கூம்பு போல முன்தள்ளும் ஆபத்தும் உண்டு. ஐஸ் துணியை மடித்து இமைமேல் வைக்கச் சொல்வது அதனால்தான்.

வெயில் காலத்தில் அதிகம் பார்ப்பது பையன்களை. மேலிமையைப் புரட்டினால் கூழாங்கல் பதித்த மாதிரி திட்டுத்திட்டாக இருக்கும். வெர்னல் என்கிற இந்த வகை அலர்ஜியில் ஹிஸ்டமின் ஒரு பகுதிதான். டி-செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளணுக்களும் ஈசினோஃபில்களும் சேர்ந்து நடத்துகிற அழற்சி இது. ஹெச்1 மருந்து மட்டும் போதாமல் போவது இங்கேதான். கொஞ்ச நாளைக்கு ஸ்டீராய்டு கொடுப்போம், தேவைப்பட்டால் ஸ்டீராய்டு அல்லாத சைக்ளோஸ்போரின் சொட்டுக்கு மாற்றுவோம்.

"இந்தச் சொட்டு விட்டா உடனே நிக்குது டாக்டர், நிறுத்துனா மறுபடியும் வந்துடுது" என்று ஓர் அம்மா ஸ்டீராய்டு எழுதிய பழைய சீட்டை நீட்டினால், எனக்கு முதல் வேலை பையனின் கண் அழுத்தத்தை அளப்பது. ஸ்டீராய்டால் ஏறும் அழுத்தம் பெரும்பாலும் வலிக்காது; பார்வை நரம்பு சேதமான பிறகுதான் பலருக்குத் தெரியவரும். கண்புரையும் வரலாம். வீட்டில் இருக்கும் பாட்டிலை எடுத்துப் பாருங்கள். டெக்சாமெத்தசோன், பெட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன், ஃப்ளோரோமெத்தலோன் என்று ஏதாவது ஸ்டீராய்டின் பெயர் எழுதியிருந்தால், கண் அழுத்தம் பார்க்காமல் அடுத்த பாட்டில் வாங்காதீர்கள்.