தாழ்ந்த ஒலிக்குத் தட்டில் இடம் அதிகம் வேண்டும்

சிகாகோவைச் சேர்ந்த பெலிக்கன் என்ற போஸ்ட் மெட்டல் (மெட்டல் ராக்கிலிருந்து கிளைத்த ஒரு வகை) குழுவில் பாடகர் கிடையாது. இரண்டு கிட்டார், ஒரு பேஸ் கிட்டார், டிரம்ஸ், அவ்வளவுதான். 2009-இல் சதர்ன் லார்ட் நிறுவனம் வெளியிட்ட அவர்களுடைய 'எஃபெமரல்' என்ற இ.பி.யில், அதாவது சில உருப்படிகள் மட்டும் கொண்ட குறுகிய இசைத்தட்டில், மொத்தமே மூன்று உருப்படிகள். மூன்றாவது, எர்த் குழுவின் பழைய 'ஜியாமெட்ரி ஆஃப் மர்டர்'. எர்த்தின் கிட்டார் கலைஞர் டிலன் கார்ல்சனே வந்து கூட வாசித்திருக்கிறார். நல்ல ஸ்பீக்கரில் வைத்தால் நெஞ்சுக்கூடு வரை அதிரும் இசை. இந்தக் கனம் எங்கிருந்து வருகிறது, அதை ஒரு தட்டில் எப்படிச் செதுக்குகிறார்கள் என்று பார்த்தால், இப்படிப்பட்ட இசைக்குக் குறைந்த நேரமே ஓடும் சின்னத் தட்டு ஏன் அவ்வளவு பொருந்துகிறது என்பதும் புரியும்.

முதலில் கிட்டார். கம்பியின் அதிர்வு மின்னலையாக ஆம்ப்ளிஃபயருக்குப் போகிறது. அளவுக்கு மீறிப் பெருக்கினால் அலையின் உச்சியும் அடியும் தட்டையாக வெட்டுப்படும். இதுதான் டிஸ்டார்ஷன். வெட்டுப்பட்ட அலையில் முன்பு இல்லாத அதிர்வெண்கள் முளைக்கின்றன. ஒரே ஸ்வரத்தை வாசித்தால் அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று மேல்நோக்கி மட்டும் வரும். இரண்டு ஸ்வரங்களைச் சேர்த்து வாசித்தால் அவற்றின் கூட்டலும் கழித்தலும்கூடப் புது ஒலிகளாகக் கிளம்பும்.

மெட்டல் இசையில் தடித்த கம்பியை டி ஸ்வரத்துக்கு இறக்கிக்கொள்வது சகஜம். அது 73.4 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு அத்தனை அதிர்வுகள். அதோடு ஏ ஸ்வரத்தைச் சேர்ப்பார்கள், 110 ஹெர்ட்ஸ். நம் கணக்கில் ச-வும் ப-வும். கழித்துப் பாருங்கள்: 36.6. கீழ் ஸ்தாயி டி கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் இருக்கிறது. கிட்டாரில் அதற்குக் கம்பியே இல்லை. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியை டி-க்கு இறக்கினால்தான் அது கிடைக்கும். கிட்டார் ஸ்பீக்கர் அவ்வளவு தாழ்ந்த ஒலியைச் சரியாகத் தராது என்பது உண்மை. ஆனால் மேலே கேட்கும் ஒலிகள் எல்லாமே ஏறக்குறைய 36.7-இன் மடங்குகள் என்பதால், காது அடி ஸ்வரத்தைத் தானே ஊகித்துக்கொள்கிறது. அப்புறம் பேஸ் கிட்டாரும் அதே இடத்தில் வந்து சேரும்போது மூன்று கருவிகள் ஒரே பெரிய கருவியாகிவிடுகின்றன. ப-வுக்குப் பதில் காந்தாரத்தைச் சேர்த்தால் முளைக்கும் ஒலிகள் ஒன்றோடொன்று மோதிக் கலங்கலாகும். அதனால்தான் டிஸ்டார்ஷனோடு ச-ப ஜோடியையே அதிகம் பிடிக்கிறார்கள்.

சரி, இந்தத் தாழ்ந்த ஒலி தட்டுக்குப் போகும்போதுதான் சிக்கல். இசைத்தட்டில் ஒலி என்பது பள்ளத்தின் வளைவு. வெட்டும் ஊசி ஒரே வேகத்தில் ஆடுவதாக வைத்துக்கொண்டால், அதிர்வெண் பாதியாகும்போது வளைவு இரண்டு மடங்கு அகலமாகும். அப்படியே விட்டால் ஒரு சுற்று பக்கத்துச் சுற்றில் போய் இடிக்கும். அதனால் வெட்டும்போது தாழ்ந்த ஒலியைக் குறைத்து, கேட்கும்போது அதே அளவு கூட்டுவார்கள். 1954-இலிருந்து இதற்கு ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற பொது அளவுகோல் இருக்கிறது. 1000 ஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால் 20 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

இவ்வளவு செய்தும் இடம் போதாது. கணக்கைப் பாருங்கள். 12 அங்குலத் தட்டில் பள்ளத்துக்குக் கிடைக்கும் அகலம் சுமார் 85 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 33⅓ சுற்று வீதம் 20 நிமிடம் வைத்தால் 667 சுற்றுகள். ஒரு சுற்றுக்கு 0.13 மி.மீ. தான். 12 நிமிடத்தோடு நிறுத்தினால் 400 சுற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 0.21 மி.மீ. கிடைக்கும். அந்தக் கூடுதல் இடம் முழுக்க ஒலியின் பலமாக மாறலாம். இப்போதைய வெட்டும் இயந்திரங்கள் அடுத்து வரப்போகும் ஒலியை முன்கூட்டியே பார்த்து, சத்தம் குறைந்த இடங்களில் பள்ளங்களை நெருக்கி, பலமான இடங்களில் விலக்குகின்றன. தட்டை விளக்கில் சாய்த்துப் பிடித்தால் அந்தப் பட்டைகள் கண்ணுக்கே தெரியும். ஆனால் நிமிடக்கணக்கில் முழு ஒலியோடு நிற்கும் இசையில் நெருக்க எங்கே இடம்?

இன்னொரு தொல்லையும் உண்டு. தட்டின் ஓரத்தில் ஊசிக்கடியில் பள்ளம் விநாடிக்கு 51 செ.மீ. ஓடுகிறது; உள்சுற்றில் சுமார் 21 செ.மீ. தான். சுற்றும் வேகம் மாறுவதில்லை, சுற்றளவுதான் குறைகிறது. ஓரத்தில் 0.05 மி.மீ. நீளமுள்ள 10,000 ஹெர்ட்ஸ் அலை உள்ளே 0.02 ஆகிவிடும். அவ்வளவு நெருங்கிய வளைவை ஊசிமுனையால் சரியாகத் தொடர முடியாது; டிரம்ஸோடு ஒலிக்கும் உலோகத் தாளமான சிம்பலின் கூர்மை மழுங்கும். போஸ்ட் மெட்டலோ மெல்ல ஏறி ஏறிக் கடைசியில்தான் உச்சத்தைத் தொடும். நீளமான தட்டில் அந்த உச்சம் மிக மோசமான இடத்தில் போய் விழுகிறது.

என்னைக் கேட்டால், இந்த இசைக்குச் சின்னத் தட்டே சரியான வடிவம். பள்ளத்தை விலக்கியும் வெட்டலாம், உள்சுற்றை எட்டும் முன் நிறுத்தியும் விடலாம். இடம் மிச்சமிருந்தால் 45 சுற்று வேகத்தில் வெட்டலாம். எல்லா இடத்திலும் பள்ளம் 35 சதவீதம் வேகமாக ஓடும், சிம்பலும் கடைசி வரை கூர்மையாகவே இருக்கும்.