கடலுக்குப் போகும் நாட்களை எண்ணினால் மீன் பெருகுமா?

முதல் உலகப்போர் தொடங்கியதும் ஐரோப்பாவின் வட கடலில் மீன்பிடித்தொழில் பெருமளவு முடங்கியது. இழுவைப் படகுகள் பலவற்றைக் கடற்படைகள் கண்ணிவெடி அகற்றும் வேலைக்கு எடுத்துக்கொண்டன. போர் முடிந்து மறுபடி வலை போட்டவர்களுக்கு முன்பைவிட அதிகமாகவும் பெரிதாகவும் மீன் கிடைத்தது. ஏட்ரியாட்டிக் கடலோரச் சந்தைகளின் பழைய கணக்குகளைப் புரட்டிய இத்தாலிய உயிரியலாளர் உம்பர்ட்டோ டி'அன்கோனாவும் இதே போன்ற ஒன்றைக் கண்டார்: போர்க்கால மீன்பாட்டில் சுறா, திருக்கைகளின் பங்கு கூடியிருந்தது. யாரும் திட்டமிடாமல் நடந்த அந்தப் பெரிய பரிசோதனை ஒன்றைத் தெளிவாகக் காட்டியது. கடலில் எவ்வளவு மீன் இருக்கும் என்பதை நாம் எவ்வளவு பாடுபட்டுப் பிடிக்கிறோம் என்பதும் தீர்மானிக்கிறது.

இந்தப் பாடுபடுதலைத்தான் மீன்வள அறிவியலில் 'மீன்பிடி முயற்சி' என்கிறார்கள். எத்தனை படகுகள், எத்தனை நாட்கள், எவ்வளவு நீள வலை, எத்தனை தூண்டில்கள் என்று அதை அளக்கலாம். அடிப்படைக் கணக்கு எளிமையானது. பிடிபடும் மீன் என்பது கடலில் இருக்கும் மீன், நாம் செய்யும் முயற்சி, ஒவ்வொரு முயற்சிக்கும் உள்ள பிடிதிறன் ஆகிய மூன்றின் பெருக்கல். மூன்றாவதாக வரும் அந்தப் பிடிதிறனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சிக்கல் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

குறைவாக உழைத்து அதே அளவு மீனைப் பிடிக்க முடியுமா? முடியும். ஒரு கற்பனைக் கடலை எடுத்துக்கொள்வோம். அதில் அதிகபட்சம் 1,000 டன் மீன் வாழலாம். நிறைந்திருக்கும்போது இரைக்கும் இடத்துக்கும் போட்டி. கூட்டம் பெரிதாக வளராது. மிகக் குறைவாக இருந்தால் குஞ்சு பொரிக்கத் தாய்மீன்கள் போதாது. பாதியளவில், அதாவது 500 டன்னில், வளர்ச்சி உச்சத்தில் இருக்கும். ஆண்டுக்கு 100 டன் கூடுகிறது என்று வைப்போம். இதே கணக்கின்படி 800 டன் இருந்தாலும் 200 டன் இருந்தாலும் ஆண்டு வளர்ச்சி 64 டன்தான். அந்த வளர்ச்சியை மட்டும் பிடித்தால் மீன்வளம் குறையாது.

இப்போது படகுகளை எண்ணுவோம். ஒவ்வொரு படகும் ஆண்டுக்கு இருக்கும் மீனில் நூறில் ஒரு பங்கைப் பிடிக்கிறது. 800 டன் உள்ள கடலில் 64 டன்னைப் பிடிக்க 8 படகுகள் போதும். 200 டன் உள்ள கடலில் அதே 64 டன்னுக்கு 32 படகுகள் வேண்டும். முதல் கடலில் படகுக்கு 8 டன், இரண்டாவதில் 2 டன். நான்கு மடங்கு டீசல், நான்கு மடங்கு உழைப்பு, கரைக்கு வரும் மொத்த மீனில் ஒரு கிலோகூட அதிகம் இல்லை. உண்மையான கடல் இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளாது. ஆனால் கட்டுப்பாடில்லாத மீன்பிடித்தல் போய் நிற்கும் இடம் பெரும்பாலும் அந்த இரண்டாவது கடல்தான். படகுக்குக் கொஞ்சம் லாபம் இருக்கும்வரை புதிய படகு வந்துகொண்டே இருக்கும். 1954-ல் கனடியப் பொருளியலாளர் ஸ்காட் கார்டன் இதைக் கணக்காகவே எழுதிக் காட்டினார்.

சரி, படகைக் கட்டுப்படுத்துவதற்குப் பதில், இத்தனை டன்தான் பிடிக்கலாம் என்று மீனுக்கே உச்சவரம்பு வைத்தால் என்ன? வைக்கிறார்கள். பல இடங்களில் அது நன்றாக வேலை செய்கிறது. ஆனால் அதற்கு ஒவ்வொரு இனமும் எவ்வளவு இருக்கிறது என்று முன்கூட்டியே மதிப்பிட வேண்டும், கரையிறங்கும் ஒவ்வொரு பெட்டியையும் எடைபோட வேண்டும். ஒரே வலையில் முப்பது நாற்பது இனங்கள் ஏறும் வெப்பமண்டலக் கடல்களில் இது பெரும்பாடு. ஒரு இனத்துக்கு வரம்பு முடிந்துவிட்டால், அது வலையில் ஏறும்போது செத்த மீனாகவே கடலில் கொட்டப்படுகிறது. துறைமுகத்தை விட்டுப் படகு புறப்பட்டதா இல்லையா என்று பார்ப்பது இதைவிட எளிது. மீன்வளம் குறைந்தால் அதே முயற்சிக்குக் கிடைப்பதும் தானாகவே குறையும். அதனால் முயற்சியைக் கட்டுப்படுத்தும் முறை, மதிப்பீட்டில் வரும் தவறையும் ஓரளவு தாங்கும்.

ஆனால் முயற்சியில் எதை எண்ணுகிறோமோ அது மட்டும்தான் கட்டுப்படும். அலாஸ்காவின் பிரிஸ்டல் விரிகுடாவில் சால்மன் பிடிக்க 1951 வரை எஞ்சின் படகுக்கே தடை, பாய்மரம்தான். படகின் நீளம் 32 அடியைத் தாண்டக்கூடாது என்ற விதி இன்றும் இருக்கிறது. நீளத்தைத் தொட முடியாது என்றானதும் படகுகள் அகலத்திலும் ஆழத்திலும் எஞ்சின் வலுவிலும் வளர்ந்தன. அதே அலாஸ்காவில் ஹாலிபட் மீனுக்கு நாட்களைச் சுருக்கினார்கள், படகுகளின் எண்ணிக்கையைச் சுருக்கவில்லை. படகுகள் பெருகப் பெருக, 1990-களின் தொடக்கத்தில் பல பகுதிகளில் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 24 மணி நேரம் என்று பருவம் சுருங்கிவிட்டது. புயல் அடித்தாலும் அன்றைக்கே போயாக வேண்டும். அவசரத்தில் விட்டுவந்த தூண்டில் கயிறுகள் கடலடியில் மீனைக் கொன்றுகொண்டிருந்தன. 1995-ல் பிடிக்கலாம் என்ற மொத்த மீனில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பங்கு கொடுத்த பிறகு பருவம் சுமார் எட்டு மாதமாக நீண்டது.

யாரும் விதியை வளைக்காவிட்டாலும் பிடிதிறன் கூடும் என்பதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. தொழிலில் கெட்டிக்காரரான எவரும் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் மேலாகத்தான் பிடிப்பார். அதில் குற்றம் எதுவும் இல்லை. ஆஸ்திரேலியாவின் வடக்கு இறால் மீன்பிடிப்பில் இதை அளந்தே பார்த்தார்கள். ஜிபிஎஸ் கருவியும் பாதையைத் திரையில் வரையும் கருவியும் சேர்ந்து மூன்று ஆண்டு பழகியதும், அவை இல்லாத படகைவிட பிடிதிறன் சுமார் 12 சதவீதம் கூடியிருந்தது. போன முறை இறால் கிடைத்த அதே தடத்தில் துல்லியமாக மறுபடி வலை இழுக்க முடிந்ததுதான் காரணம். ஆண்டுக்கு 2 சதவீதம் மட்டும் பிடிதிறன் கூடினாலும், 35 ஆண்டுகளில் அது இரட்டிப்பாகிவிடும். படகும் நாளும் மாறாமல் இருக்கும்; மீன்மேல் விழும் அழுத்தம் இரண்டு மடங்காகியிருக்கும். அங்கே முதலில் படகின் கொள்ளளவையும் எஞ்சின் வலுவையும் எண்ணினார்கள். 2000-ல் அதை விட்டுவிட்டு, வலைவாயின் மேல்விளிம்புக் கயிற்று நீளத்தை எண்ணத் தொடங்கினார்கள். ஒருகாலத்தில் சுமார் 300 படகுகள் ஓடிய அந்தக் கடலில் இன்று 52 படகுகளுக்குத்தான் அனுமதி. குறைத்த படகுகளுக்குப் பின்னால் குடும்பங்கள் இருக்கின்றன. ஈடு கொடுத்துப் படகை வாங்கிக்கொள்ளும் திட்டம் இல்லாமல் இதைச் செய்வது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

இன்னொரு பொறியும் உண்டு. ஒரு நாள் முயற்சிக்குக் கிடைக்கும் மீனை வைத்து வளத்தை ஊகிப்பது வழக்கம். காட் மீன்கள் எண்ணிக்கையில் குறைந்தாலும் மிச்சமிருப்பவை ஓரிடத்தில் கூடும். ஒலியலையால் மீன்கூட்டத்தைக் கண்டறியும் எக்கோ சவுண்டர் கருவி உள்ள படகு அந்தக் கூட்டத்துக்கு நேராகப் போய்விடும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் படகுகளின் மீன்பாடு நன்றாகத் தெரிந்துகொண்டிருந்த காலத்திலேயே வளம் சரிந்துகொண்டிருந்தது. 1992-ல் மீன்பிடிப்பையே நிறுத்த வேண்டியதாயிற்று.

அதனால், முயற்சியைக் கட்டுப்படுத்தும் வழியில் நடப்பவர்கள் 'ஒரு நாள்' என்ற அலகையே திரும்பத் திரும்பத் திருத்த வேண்டியிருக்கிறது. பசிபிக் தீவு நாடுகள் சூரை மீனுக்காக 2007 முதல் நடத்தும் திட்டத்தைப் பாருங்கள். சுருக்குவலைக் கப்பல்களுக்கு மொத்த நாட்களை முன்பே நிர்ணயித்து, நாடுகளுக்குள் பங்கிட்டு, கப்பல்களுக்கு விற்கிறார்கள். 50 மீட்டருக்குக் குறைவான கப்பலுக்கு ஒரு நாள் அரை நாளாகக் கணக்காகும். 80 மீட்டரைத் தாண்டியதற்கு ஒன்றரை நாள். ஆனால் மிதவைகளை இந்தக் கணக்கு பார்ப்பதில்லை. கடலில் மிதக்கவிட்ட மேடைக்கு அடியில் சூரை கூடும். அடியில் எவ்வளவு மீன் நிற்கிறது என்பதை அதோடு கட்டிய கருவி செயற்கைக்கோள் வழியாகக் கப்பலுக்குச் சொல்லிவிடும். தேடும் நேரமே மிச்சம். 2009 முதல் ஆண்டில் குறிப்பிட்ட காலத்துக்கு மிதவையடியில் வலை போடுவதை அந்த நாடுகள் தடைசெய்கின்றன. அந்தக் காலத்தில் கப்பல்கள், தானாகத் திரியும் மீன்கூட்டத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.