காண்டூர்: விளிம்பு அல்ல, சமமட்டம்

மலைச்சரிவு விவசாயக் கையேடுகளில் ‘விளிம்பு வேலி’, ‘விளிம்பு உழவு’ என்று பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. காண்டூர் (contour) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அதுதான் தமிழாம்.

இத்தாலியத்தில் பிறந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். ஓவியத்தில் உருவத்தின் புறக்கோடு. நிலஅளவையில், ஒரே உயரத்திலுள்ள புள்ளிகளை இணைக்கும் கோடு. அகராதியின் முதல் பொருளோடு எழுந்துபோனவர்கள் தந்ததே இந்த விளிம்பு.

விளிம்பில் நடச் சொன்னால் விவசாயி காணியின் ஓரத்தில்தான் நடுவார். மலையில் பக்க ஓரங்கள் பெரும்பாலும் மேலிருந்து கீழே இறங்குபவை. அங்கே வேலி வைத்து என்ன பயன்? மண் ஒரு பிடிகூட நிற்காது. பிலிப்பைன்ஸின் மின்டனாவோ தீவில் 1970களில் உருவான ‘சால்ட்’ என்னும் சாய்நில வேளாண் முறையில் வேலி சரிவுக்குக் குறுக்கே ஓடும். 4-5 மீட்டருக்கு ஒரு வேலி. ஒவ்வொன்றும் அரை மீட்டர் இடைவிட்ட இரட்டை வரிசை. சவுண்டல், கிளைரிசிடியா போன்ற மரங்களை நெருக்கி விதைத்து, வளர வளர வெட்டித் தழையைப் பயிருக்குப் போடுவார்கள். வேலிகளுக்கு இடைப்பட்ட நிலப்பட்டைகளில் மூன்றுக்கு ஒன்றில் காப்பி, வாழை போன்ற நிலைப்பயிர். மற்றவற்றில் மக்காச்சோளமும் பயறும் மாறி மாறி. வேலி ஓரிடத்தில் தாழ்ந்தாலும் நீர் அங்கே திரண்டு உடைத்துக்கொண்டு போகும். (சவுண்டலை மட்டும் நம்பிய வேலிகளை 1980களில் சாறுறிஞ்சும் பூச்சி மொட்டையடித்தது, இனங்களைக் கலப்பது நல்லது.)

‘சம உயர வேலி’ என்பார் சிலர். வரைபடத்தில் சம உயரக் கோடு சரிதான். வேலியோடு சேர்ந்தால் ஒரே உயரத்துக்குக் கத்தரித்த வேலி என்றே காதில் விழும். கத்தரிப்பதும் இந்த முறையில் ஒரு வேலையாயிற்றே, குழப்பம் இரட்டிப்பு. சமமட்ட வேலி என்றால் கொத்தனாருக்கும் புரியும். பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்துக் காண்டூர் கால்வாயைச் சமமட்டக் கால்வாய் என்றும் சொல்கிறோம். ‘மட்டம்’ தரக்குறைவைக் குறிக்காதா என்கிறார்கள். கொத்தனார் மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை யார் இழிவாக நினைத்தார்கள்?

நிலத்தில் சமமட்டக் கோட்டைக் கண்டுபிடிக்கும் கருவியின் பெயர் இன்னும் மோசம். இரண்டு மீட்டர்க் கம்புகள் இரண்டை உச்சியில் கட்டி, நடுவில் குறுக்குக் கம்பு வைத்து, உச்சியிலிருந்து கல் கட்டிய நூலைத் தொங்கவிடுவது. நூல் படும் இடத்தைக் குறுக்குக் கம்பில் குறித்து, கால்களை இடம் மாற்றி வைத்து மறுபடி குறித்தால், இரண்டு குறிகளுக்கும் நடுவே மட்டம். கவட்டை மட்டம் என்றால் போதும். கையேட்டில் ஆங்கில A எழுத்தை வைத்து ‘ஏ வடிவச் சட்டம்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். தமிழ் ‘ஏ’யைப் பார்த்து அதை ஒருவர் கட்டிக் காட்டட்டும்.