உப்பு வாளியில் இருக்கட்டும்

மாரி மழை பிடித்து இரண்டாவது கிழமை. மட்டக்களப்புப் பக்கம் களுதாவளையில் எங்கள் வளவுக்குப் பின்னால் நட்ட சின்ன வெங்காயம் விரல் நீளம் வந்திருந்தது. ஒரு காலையில் போய்ப் பார்த்தால் பாதிப் பாத்தியில் இலைகள் அறுந்து கிடந்தன. மண்ணில் பளபளவென்று காய்ந்த கோடுகள். பக்கத்து வளவு மாமி வேலியால் எட்டிப் பார்த்தார். "நத்தை மகன். ரெண்டு பிடி உப்ப அள்ளி வீசுங்க, சரியாப் போயிரும்" என்றார்.

உப்பு நத்தையைக் கொல்லும் என்பது உண்மைதான். ஆனால் வெங்காயப் பாத்தியில் உப்பு விழவே கூடாது. அதற்கான காரணம் நத்தை ஊரும் விதத்திலேயே தொடங்குகிறது.

ஒரு நத்தையைக் கண்ணாடித் துண்டில் ஊரவிட்டு, அடியிலிருந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். பாதத்தின் குறுக்கே இருண்ட பட்டைகள் வாலிலிருந்து தலைப்பக்கமாக ஒன்றன்பின் ஒன்றாய் ஓடும். அவை தசை அலைகள். பாதத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மெல்லிய சளிப்படலம் இருக்கிறது. அலை தள்ளும் இடத்தில் மட்டும் அந்தச் சளி இளகி வழுக்கும்; அலை கடந்ததும் மறுபடி இறுகி ஒட்டும். ஒரே சளி பசையாகவும் எண்ணெயாகவும் வேலை செய்வதால்தான் நத்தை சுவரில் ஏறுகிறது, சவர அலகின் கூரில்கூடக் காயமின்றிப் போகிறது. ஆகவே, கூர் நத்தையைத் தடுக்கும் என்று முட்டைக்கோது பரப்பும் வழக்கத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. பிரித்தானியாவின் அரச தோட்டக்கலைச் சங்கம் 2018 இல் வெளியிட்ட சோதனையிலும் முட்டைக்கோது, கூர்ச்சரளை, செப்பு நாடா எதுவும் நத்தைச் சேதத்தைக் குறைக்கவில்லை.

அந்தச் சளியில் 95 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். போகும் வழியெல்லாம் அதைச் சிந்திக்கொண்டே போகவேண்டும். ஓடில்லா நத்தையை ஆராய்ந்த மார்க் டெனி, அது ஊர்வதற்குச் செலவாகும் சக்தி நடப்பதற்கும் ஓடுவதற்கும் ஆவதைவிடப் பல மடங்கு என்று 1980 இல் காட்டினார். சளி தயாரிப்பதுதான் அதில் பெருஞ்செலவு. வெயில் காலத்தில் நத்தை ஓட்டின் வாயை மூடிக்கொண்டு உறங்குவதும், மாரியில் இரவோடு இரவாக ஊரையே சுற்றுவதும் இந்தத் தண்ணீர்க் கணக்கால்தான்.

ஈரத் தோலில் உப்புப் பட்டால் பிரசாரணத்தால், அதாவது உப்புக் கூடிய பக்கத்துக்குத் தண்ணீர் நகர்வதால், உடல் நீர் வெளியே இழுபடும். இதே பிரசாரணந்தான் வெங்காய வேரிலும் நடக்கிறது. மண்நீரில் உப்புக் கூடினால், வேர் தண்ணீருக்குப் பக்கத்தில் இருந்தும் அதை உறிஞ்ச முடியாமல் தவிக்கும். மண்ணின் உவர்த்தன்மையை அது மின்சாரம் கடத்தும் அளவால் அளப்பார்கள்; அது மீற்றருக்கு 3 டெசிசீமன்ஸ் வரும்வரை நெல் தாங்கும். வெங்காயத்தின் விளைச்சல் 1.2 ஐத் தாண்டியதுமே விழத் தொடங்கும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் மணல் என்று வாழ்கிற நாங்கள் கையாலே உப்பை வாரி இறைப்பது எவ்வளவு பெரிய தவறு! மழை அதைக் கழுவினாலும் மேலோட்டமான வேரையும் ஆழமில்லாத கிணற்றையும் தாண்டித்தான் அது போகவேண்டும். சாம்பல் பரவாயில்லை, சளியை உறிஞ்சி எடுக்கும். ஆனால் காய்ந்திருக்கும்வரைதான்.

ஒவ்வொரு இலையின் அடியும் பருத்துத்தான் வெங்காயத்தின் ஒவ்வொரு மடலும் உருவாகிறது. நுனி போனால் பயிர் தேறிவிடும், குருத்து அடியிலிருந்து வருவதால். நாற்று அடியோடு அறுந்தால் முடிந்தது. ஆகவே நட்ட முதல் சில கிழமைகள்தான் காவல் காக்கவேண்டிய காலம். இலைப்பேனைப் பற்றி அப்போது கவலை வேண்டாம். அது வெயிலில் பெருகுவது, அடைமழை அதைக் கழுவிவிடும்.

மழை விட்ட நாட்களில் தண்ணீர் ஊற்றுவதை மாலையிலிருந்து காலைக்கு மாற்றினேன், இரவுக்குள் மேல்மண் உலரட்டும் என்று. பாத்தியை உயர்த்தி, வரம்புப் புல்லைச் செருக்கினேன். நனைந்த சாக்கின் கீழ் பப்பாசி இலை வைத்தால் விடிவதற்குள் நத்தைகள் அங்கே வந்து ஒதுங்கும். பொறுக்கிப் போடும் வாளியில் உப்புத் தண்ணீர். உப்புக்கு அதுதான் இடம். கையில் கட்டாயம் உறை போடுங்கள். எலியின் நுரையீரல் புழு நத்தைக்குள் இருக்கும், மனிதருக்குள் போனால் மூளையுறையைத் தாக்கும். நத்தை மருந்துக் குளிகை நான் வாங்குவதில்லை. கோழியும் நாயும் திரியும் வளவு, நத்தையைத் தின்ன வரும் செண்பகமும் உண்டு. மின்மினியின் புழுகூட நத்தை தின்னி.

எங்கள் பக்கத்துப் பெரிய நத்தை ஆபிரிக்காவிலிருந்து வந்தது. 1847 இல் கல்கத்தாவில் விடப்பட்டு, 1900 அளவில் இலங்கைக்கு வந்து சேர்ந்தது. ஒரு தடவையில் 200 முட்டைகூட இடும். அந்த முட்டைகளைத்தான் ஒரு கிழமையாகத் தேடினேன். கடைசியில் மாமியின் தேங்காய் மட்டைக் குவியலுக்குக் கீழே, ஈர மணலில், மங்கல் மஞ்சளாகப் பாசிமணி போலக் குவிந்து கிடந்தன. மாமி சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மம்பட்டிய எடுத்துட்டு வாங்க மகன், மற்றக் குவியலையும் பிரட்டிப் பாப்பம்."