வீட்டில் இனிக்கும் கிற்றார் மேடையில் ஏன் தொலைகிறது?

உப்புவெளியிலோ நிலாவெளியிலோ கடற்கரை ஹோட்டலில் வாசிக்கிற இசைக்குழுவுக்கு ஒரே இரவில் பைலாவும் வேண்டும், எண்பதுகளின் தமிழ்ப் படப்பாட்டும் வேண்டும், பயணிகள் கேட்கிற ஆங்கில ரொக்கும் வேண்டும். அசல் பாட்டில் உள்ள அதே கிற்றார் சத்தத்தைத் தேடி, வாசிப்பவர் வீட்டில் இரவிரவாகக் கிற்றாரின் ஒலியைப் பெருக்கும் அம்ப்பைத் திருகுவார். அருமையாக வரும். மேடையில் ட்ரம்ஸும் பேஸ் கிற்றாரும் கீபோர்டும் சேர்ந்தவுடன் அது காணாமல் போய்விடும்.

முதல் காரணம் நம் காது. மெல்லிய ஒலியில் காதுக்குத் தாழ்ந்த சுரங்கள் சரியாக எட்டாது. ஒலி கூடக்கூடத்தான் அவை முழுதாகக் கேட்கும். பிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933இல் இதை அளந்து வரைபடமாகவே வெளியிட்டார்கள். வீட்டில் மெதுவாக வாசிக்கும்போது குறைவாகக் கேட்கிற பேஸை, அதாவது தாழ்ந்த ஒலிப்பகுதியை, நாம் கூட்டிவைக்கிறோம், பளிச்சென்று இருக்கட்டும் என்று உயர்பகுதியான ட்ரெபிளையும் ஏற்றுகிறோம், நடுப்பகுதியான மிட்டைக் குறைக்கிறோம். மேடையில் அதே அமைப்பு குமுறத் தொடங்கும். கிற்றாரின் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸ். பேஸ் கிற்றாரின் தடித்த தந்தி 41. அதன் இரண்டாவது இசையம் (ஒரு சுரத்தோடு கூடவே ஒலிக்கிற, அதன் அதிர்வெண்ணின் மடங்கு) நேராகக் கிற்றாரின் 82இல் வந்து விழுகிறது. மேலே ட்ரம்ஸின் சிம்பல் தட்டுகள். ஆக, கிற்றாருக்கு மிஞ்சுவது ஏறத்தாழ 500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையான நடுப்பகுதி. அதையும் பாடகரோடு பங்குபோட வேண்டும். எனவே மிட்டைக் கூட்டுங்கள், பேஸைத் தயங்காமல் வெட்டுங்கள். தனியாகக் கேட்டால் மூக்கடைத்தவர் பாடுவதுபோல் இருக்கும். குழுவோடு கேளுங்கள், ஒவ்வொரு சுரமும் தெளிவாக நிற்கும்.

அடுத்தது டிஸ்டோர்ஷன். அம்ப்பின் தாங்குதிறனை மீறி சிக்னல் ஏறினால் அலையின் முகடு வெட்டுப்படுகிறது, புதிய இசையங்கள் பிறக்கின்றன. இரண்டு சுரங்கள் சேர்ந்து வெட்டுப்பட்டால் அவற்றின் கூட்டலும் கழித்தலும்கூடப் பிறக்கும். 110 ஹெர்ட்ஸோடு அதன் ஐந்தாம் சுரமான 165ஐ வாசித்தால் 55உம் 275உம் வரும். எல்லாமே 55இன் மடங்குகள், ஒன்றுக்கொன்று பொருந்தும். ரொக்கில் இந்த இரண்டு சுரங்கள் மட்டும் சேர்ந்த 'பவர் கோர்ட்' இவ்வளவு கனமாக ஒலிப்பது இதனால்தான். நடுவே மூன்றாம் சுரமான 138.6ஐச் சேர்த்துப் பாருங்கள்: கழித்தல்கள் 28.6, 26.4 என்று ஒட்டாமல் வந்து உறுமும். பைலாவின் வெட்டு ஸ்ட்ரோக்குகளுக்கும், படப்பாட்டில் வருகிற, மூன்றாம் ஏழாம் சுரங்களும் சேர்ந்த செவன்த் கோர்ட்டுகளுக்கும் வெட்டுப்படாத கிளீன் சத்தம்தான் வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

பாட்டுக்கு ஒரு சத்தம் என்று இருபது சேமித்துவைப்பதை நான் ஆதரிப்பதில்லை. மூன்று போதும். பெண்டர் அம்ப் வகைக் கிளீன் ஒன்று, அதன் மிட் இயல்பிலேயே பள்ளமானது, கொஞ்சம் ஏற்றிக்கொள்ளுங்கள். வொக்ஸ் ஏசி30 அம்ப் வகை ஒன்று: மெதுவாக மீட்டினால் சுத்தம், அழுத்தினால் லேசான கரகரப்பு. படப்பாட்டில் பாதிக்கு மேல் இதிலேயே ஓடிவிடும். ரொக்குக்கு மார்ஷல் அம்ப் வகை. பெண்டர் பேஸ்மேன் அம்ப்பின் சுற்றைப் பின்பற்றி 1960களின் தொடக்கத்தில் லண்டனில் பிறந்தது அது.

கிற்றார் முன்னுக்கு வந்து தனித்து ஒலிக்க வேண்டிய சோலோவுக்குக் கெயினை, அதாவது டிஸ்டோர்ஷனுக்கு முன் சிக்னலை ஏற்றும் குமிழை, கூட்டுவது பயன் தராது. ஏற்கெனவே வெட்டுப்பட்ட அலை உயர இடமில்லாததால் இன்னும் தட்டையாகும், சத்தம் ஏறாது. டிஸ்டோர்ஷனுக்குப் பிறகு வருகிற வோல்யூமைக் கூட்டுங்கள். பெரிய அம்ப் வாங்குவதற்கு முன்னும் ஒரு கணக்கு: 15 வாட்டை 30 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். இரு மடங்கு சத்தமாகக் கேட்க ஏறத்தாழ பத்து மடங்கு வாட் வேண்டும்.

கடற்கரை மேடையில் இன்னொன்றையும் கவனியுங்கள். 12 அங்குல ஸ்பீக்கர் உச்ச அதிர்வெண்களைப் பரப்பாது, நேர்கோட்டில் எறியும். அம்ப் முழங்கால் உயரத்தில் இருந்தால் வாசிப்பவருக்கு மந்தமாகக் கேட்கும், அவர் ட்ரெபிளை ஏற்றுவார், முன்வரிசையில் இருப்பவர்களின் காது கூசும். மண்டபத்தில் சுவர்கள் திருப்பித்தந்த பேஸும் திறந்தவெளியில் கிடைக்காது. அம்ப்பைப் பின்பக்கம் சாய்த்து ஸ்பீக்கர் உங்கள் காதைப் பார்க்கும்படி வைத்துவிட்டு, அப்புறம் ட்ரெபிளைத் தொடுங்கள்.