மசில் கார்: பெயர் வந்த வழியும் தமிழில் அதற்கான சொல்லும்

பழைய அமெரிக்கக் கார் எதைப் பார்த்தாலும் 'மசில் கார்' என்று சொல்லிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. படத்துக்குக் கீழே அப்படித்தான் எழுதுகிறார்கள், வீடியோவிலும் அப்படித்தான் பேசுகிறார்கள். ஆனால் அந்தச் சொல்லுக்குக் கறாரான பொருள் ஒன்று உண்டு. வால் துடுப்பு நிமிர்ந்து நிற்கும் 1959 கேடிலாக் பார்க்கப் பார்க்கச் சலிக்காத கார்தான், ஆனால் அது மசில் கார் இல்லை. ஆறு சிலிண்டர் வைத்த சாதாரண ஃபோர்டு மஸ்டாங்கும் இல்லை.

அப்படியானால் எது மசில் கார்? நடுத்தர அளவில், பெரும்பாலும் இரண்டு கதவு வைத்து, ஊரில் எல்லோரும் ஓட்டுகிற சாதாரணக் காரின் உடல். அதற்குள் அதே கம்பெனி தன் பெரிய கார்களுக்கென்று செய்து வைத்திருந்த வி8, அதாவது எட்டு சிலிண்டர் எஞ்சின். அப்புறம், வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள் ஆன ஒரு இளைஞன் தவணையில் வாங்கிவிடக்கூடிய விலை. இந்த மூன்றும் சேர வேண்டும். இன்று ஏலத்தில் இந்த வண்டிகள் போகும் விலையைப் பார்த்துவிட்டு மூன்றாவதை நாம் மறந்துவிடுகிறோம், ஆனால் அதுதான் இந்தக் கதையின் உயிர். 1968இல் வந்த பிளிமவுத் ரோட் ரன்னர் ஒரு நல்ல உதாரணம். 383 கன அங்குலக் கொள்ளளவுள்ள எஞ்சின், 335 குதிரைத்திறன், அடிப்படை விலை 2,896 டாலர். உள்ளே பெஞ்ச் மாதிரி நீள சீட்டும், தரையில் கம்பளத்துக்குப் பதிலாக ரப்பர் விரிப்பும்தான். மிச்சம் பிடித்த காசையெல்லாம் எஞ்சினில் போட்டார்கள். ஒரே ஒரு ஆடம்பரம், கார்ட்டூன் பறவை ரோட் ரன்னரின் 'பீப் பீப்' சத்தத்தைப் போடும் ஹாரன். பெயருக்கும் உருவத்துக்குமாக வார்னர் பிரதர்ஸுக்கு 50,000 டாலர் கொடுத்தார்கள்.

பெரிய எஞ்சினைச் சின்ன உடலில் வைக்கும் யோசனை அதற்கு வெகு முன்னாலேயே வந்துவிட்டது. 1936இல் பியூக் தன் பெரிய காரின் எட்டு சிலிண்டர் எஞ்சினைச் சிறிய காரில் வைத்து 'செஞ்சுரி' என்று பெயரிட்டது, மணிக்கு 100 மைல் போகும் என்பதால் அந்தப் பெயர். 1949இல் ஓல்ட்ஸ்மொபைல் 303 கன அங்குல 'ராக்கெட்' வி8ஐ நடுத்தர உடலில் இறக்கி '88' என்று விற்றது. இவற்றை முன்னோடிகள் என்று சொல்லலாம். மசில் கார் என்ற வகையே உருவானது 1964 மாடல் போன்டியாக் ஜிடிஓவில் என்றுதான் பெரும்பாலோர் கணக்கு வைக்கிறார்கள், நானும் அந்தப் பக்கம்தான்.

அந்த வண்டி பிறந்த விதம் சுவாரசியமானது. ஜெனரல் மோட்டார்ஸ் தலைமை, 1963 தொடக்கத்தில் தன் பிரிவுகள் எதுவும் கார் பந்தயத்தில் ஈடுபடக் கூடாது என்று தடை போட்டது. நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக் கூடாது என்ற விதியும் இருந்தது. அந்தப் பிரிவுகளில் ஒன்றான போன்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவருடைய ஆட்களும் விதியை வாசித்துப் பார்த்தார்கள், அது புதிய மாடல்களுக்குத்தான் பொருந்தும், ஏற்கெனவே இருக்கும் மாடலில் வாடிக்கையாளர் கூடுதல் காசு கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும் வசதிக்குப் பொருந்தாது. அதனால் டெம்பெஸ்ட் லெமான்ஸ் காரில் 295 டாலர் கூடுதல் வசதியாக 389 கன அங்குல எஞ்சினைக் கொடுத்துவிட்டார்கள். 5,000 வண்டி விற்றால் போதும் என்று விற்பனைப் பிரிவு எச்சரிக்கையாகத் திட்டமிட்டது, முதல் வருடமே 32,450 போனது. ஜிடிஓ என்ற பெயர் இத்தாலிய ஃபெராரியிடமிருந்து எடுத்தது, பந்தயத்துக்கு முறைப்படி தகுதி பெற்ற கார் என்று பொருள். இந்த அமெரிக்க வண்டிக்கு அந்தத் தகுதி எதுவும் கிடையாது. பக்கவாட்டில் '6.5 லிட்டர்' என்று பெருமையாக ஒரு பேட்ஜ் வேறு, கணக்குப் போட்டால் 6.4 லிட்டர்தான் வரும்.

இந்த வண்டிகள் புதிதாக விற்ற காலத்தில் 'மசில் கார்' என்ற சொல் ஓரளவுக்குத்தான் புழங்கியது. அன்றைய கார் பத்திரிகைகள் இவற்றைப் பெரும்பாலும் 'சூப்பர் கார்' என்று எழுதின. பின்னால் அந்தப் பெயர் நடுவில் எஞ்சின் வைத்த இத்தாலிய வண்டிகளுக்குப் போய்விட்டது. மசில் கார் என்ற பெயர் முழுசாக நிலைத்தது, வண்டிகள் நின்றுபோய், அவற்றை நினைத்து ஏங்க ஆரம்பித்த பிறகுதான். அந்த ஏக்கம் பெயருக்குள்ளேயே இருக்கிறது என்பது என் எண்ணம்.

சரி, 'மசில்' எங்கிருந்து வந்தது? லத்தீனில் 'மூஸ்' என்றால் எலி, 'மூஸ்குலுஸ்' என்றால் குட்டி எலி. கையை மடக்கினால் புஜத்தில் தோலுக்கு அடியில் ஏதோ ஓடுகிற மாதிரி தெரிகிறதே, அதைக் குட்டி எலி என்றார்கள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, தசை என்பதோடு பலம், அதிகாரம் என்ற பொருள்களையும் சேர்த்துக்கொண்டது. தற்செயல் என்றாலும் எனக்குப் பிடித்த ஒரு விஷயம்: 1955இல் வந்த ஷெவர்லேயின் சிறிய வி8 எஞ்சினுக்கு அமெரிக்க மெக்கானிக்குகள் வைத்த செல்லப் பெயர் 'மவுஸ்', அதாவது சுண்டெலி. பின்னால் வந்த பெரிய எஞ்சினுக்கு 'ராட்', பெருச்சாளி என்றே வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பலம் எப்படிப்பட்டது என்று தெரியாமல் தமிழ்ச் சொல் தேடக் கூடாது. உச்ச வேகத்தில் அன்றைய ஐரோப்பியக் கார்கள் பல இவற்றை ஓரம்கட்டும். இவற்றின் பலம் இழுவையில் இருந்தது. நம் ஊர் மெக்கானிக் 'பிக்கப்' என்பார், 'வண்டி நல்லா இழுக்குது' என்பார், அதேதான். ஜிடிஓவின் 389 எஞ்சின் நிமிடத்துக்கு 3,200 சுற்றிலேயே சுமார் 580 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை கொடுத்தது. இன்றைய 1.2 லிட்டர் பெட்ரோல் கார் ஒன்றில் 110 சொச்சம் கிடைக்கும். அன்றைய அமெரிக்க எண்கள் கொஞ்சம் தாராளமானவை, காற்று வடிகட்டி, விசிறி, சைலன்சர் எதுவும் மாட்டாமல் எஞ்சினை மட்டும் மேசையில் வைத்து அளந்தவை, அதைக் கழித்துப் பார்த்தாலும் வித்தியாசம் பெரிதுதான். டிராஃபிக் விளக்கு பச்சையானதும் கால் மைல் தூரத்துக்கு யார் முந்துவது என்ற போட்டிக்குத் தேவையானது இந்த இழுவைதான். அமெரிக்கக் கார் கம்பெனிகளின் ஊரான டெட்ராய்ட்டின் உட்வர்ட் அவென்யூவில் சனிக்கிழமை இரவுகளில் அதுதான் நடந்தது, கார் கம்பெனிப் பொறியாளர்களே தங்கள் வண்டியோடு அங்கே வந்து போனார்கள்.

சத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தச் சொல்லை விளக்க முடியாது. நின்றுகொண்டிருக்கும்போது சீராக ஓடாமல், குடுகுடுவென்று, நடுவே ஒரு தடுமாற்றத்தோடு உறுமும் அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது? எட்டு சிலிண்டரும் பக்கத்துக்கு நான்காக வி வடிவில் நிற்கின்றன. இடது பக்கம் 1, 3, 5, 7. வலது பக்கம் 2, 4, 6, 8. எரியும் வரிசை 1-8-4-3-6-5-7-2, போன்டியாக்கிலும் ஷெவர்லேயிலும் இதேதான். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் 90 பாகை சுற்றும்போதெல்லாம் ஒரு சிலிண்டர் எரியும், மொத்தமாகப் பார்த்தால் ஒழுங்கான தாளம். இப்போது இடது பக்கத்தை மட்டும் தனியாக எண்ணிப் பாருங்கள். 1 எரிந்த பிறகு 3க்கு 270 பாகை காத்திருக்க வேண்டும், அங்கிருந்து 5க்கு 180, அடுத்து 7 வெறும் 90இலேயே வந்துவிடும், மறுபடி 1க்கு 180. இடது பக்கத்துப் புகை ஒரு குழாயிலும் வலது பக்கத்துப் புகை இன்னொரு குழாயிலும் தனித்தனியாக வெளியே போவதால், இந்த ஏறுக்குமாறான இடைவெளி அப்படியே காதில் விழுகிறது. இதோடு, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டும் பந்தயத்துக்கேற்றதாக இருந்தால், உள்ளே விடும் வால்வும் வெளியே விடும் வால்வும் கொஞ்ச நேரம் சேர்ந்தே திறந்திருக்கும், குறைந்த வேகத்தில் எஞ்சின் திணறித் திணறி ஓடும். அந்தத் திணறலைக் கேட்கவே ஆட்கள் பல மைல் தூரம் போகிறார்கள்.

உச்சம் 1970. ஷெவர்லே ஷெவெல்லில் 454 கன அங்குல எஞ்சின், 450 குதிரைத்திறன். அதோடு இறக்கம். அதே வருடம் அமெரிக்காவில் தூய காற்றுச் சட்டம் கடுமையானது. இளைஞர்கள் ஓட்டும் அதிபல வண்டிகளுக்குக் காப்பீட்டுக் கட்டணம் ஏறியது. 1971இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஈயமில்லாப் பெட்ரோலுக்காக எஞ்சின்களின் அமுக்க விகிதத்தை, அதாவது எரியும் முன் கலவையை அழுத்தும் அளவை, குறைத்தது. 1972இல் குதிரைத்திறனை அளக்கும் முறையே மாறி, காகிதத்திலும் எண்கள் சரிந்தன. 1973 எண்ணெய் நெருக்கடி வந்தபோது சாவதற்கு மிச்சம் அதிகமில்லை. அந்தக் காலத்துக் கடைசி ஜிடிஓ 1974இல் 200 குதிரைத்திறனோடு வந்து நின்றது.

மொத்தமே பத்து வருடம். அதற்கு ஏன் இவ்வளவு ஏக்கம்? மூடியைத் திறந்தால் எஞ்சின் முழுசாகக் கண்ணுக்குத் தெரியும் என்பதைத்தான் நான் முதலில் சொல்வேன். நடுவில் வட்டமான காற்று வடிகட்டி, அதைக் கழற்றினால் கார்புரேட்டர், பக்கத்தில் டிஸ்ட்ரிபியூட்டர், ஒவ்வொரு பிளக்குக்கும் போகும் ஒயர். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த பையன் வீட்டு வாசலிலேயே பிரித்து மாட்டிவிடலாம். தன் கையால் வேகப்படுத்திய வண்டியை யார் மறப்பார்கள்? 1995இல் தொடங்கி ஆண்டுதோறும் ஆகஸ்டில் உட்வர்ட் அவென்யூவில் பழைய கார்கள் ஊர்வலமாகப் போகின்றன, ஓட்டுகிறவர்களில் பலர் அன்று அதே சாலையில் போட்டி போட்டவர்கள். டாட்ஜ் கம்பெனி, மின்சாரத்தில் ஓடும் தன் 'சார்ஜர்' காருக்குச் செயற்கையாக உறுமல் சத்தம் வைத்திருக்கிறது. அந்த முயற்சி எனக்கு ஒட்டவில்லை, 270-180-90 என்ற அந்தக் கணக்கு எஞ்சினுக்குள் நடந்தால்தான் உறுமல்.

இனி தமிழ். 'தசைக் கார்' என்று சிலர் நேராக மாற்றுகிறார்கள், கேட்டாலே கறிக்கடை ஞாபகம் வருகிறது. தமிழில் பலத்தைச் சொல்லத் தசை வராது, தோள் வரும், புஜம் வரும். திண்தோள், புஜபலம் என்கிறோம். 'கட்டுமஸ்து' நல்ல உயிருள்ள சொல், ஆனால் ஆளுக்குப் பொருந்தும், வண்டிக்கு முன்னால் ஒட்டினால் நிற்காது. முறுக்கேறிய உடம்பு என்கிறோம், முறுக்கு விசையும் இருக்கிறது, பொருளால் இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை, ஆனால் 'முறுக்குந்து' என்றால் எல்லாருக்கும் தீபாவளிப் பலகாரம்தான் நினைவுக்கு வரும். 'இழுவைக் கார்' என்றால் பழுதான வண்டியைக் கட்டி இழுக்கும் வண்டி ஆகிவிடும்.

என் தேர்வு 'வல்லுந்து'. வல் என்றால் வலிமை. வல்லினம், வல்லூறு, வல்வில் ஓரி என்று எல்லோருக்கும் பழகிய வேர். உந்து என்பது பேருந்து, சிற்றுந்து, சரக்குந்து, மகிழுந்து என்று நாம் ஏற்கெனவே ஏற்றுக்கொண்ட குடும்பம். (மகிழுந்து மட்டும் என்ன, கிராமத்தில் பெரியவர்கள் காரைப் 'பிளசர்' என்றதும் இதே மகிழ்ச்சிப் பொருளில்தான்.) உந்து என்றால் தள்ளுவது, முன்னே செலுத்துவது, ஆக வண்டியின் அந்தத் தள்ளலும் சொல்லுக்குள் வந்துவிடுகிறது. குதிரைத்திறன் இருப்பதால் 'திறலுந்து' என்றும் யோசித்தேன், ஆனால் திறல் இன்று பேச்சில் இல்லை.

பன்மை வல்லுந்துகள், வேற்றுமை ஏற்றால் வல்லுந்தை, வல்லுந்தின், வல்லுந்துக்கு. கட்டுரையில் முதல் தடவை 'மசில் கார் எனப்படும் வல்லுந்து' என்று எழுதிவிட்டு அப்புறம் வல்லுந்து என்றே போகலாம். எஞ்சின் பெயர்களை அப்படியே விடுங்கள், 'ஹெமி' ஹெமியாகவே இருக்கட்டும், எரியறை அரைக்கோள வடிவில் இருப்பதால் வந்த பெயர் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

மஸ்டாங்கோடு 1964 ஏப்ரலில் பிறந்த 'போனி கார்' வகைக்குத்தான் இன்னும் சரியான சொல் அமையவில்லை. போனி என்றால் நம் மட்டக்குதிரை, ஆனால் மட்டக்குதிரை உந்து என்பது நீளமாக இருக்கிறது, குதிரை வண்டியோடும் குழம்பும். உங்களிடம் நல்ல சொல் இருந்தால் சொல்லுங்கள்.